மகமையும் மருத்துவமும்

செட்டிநாட்டு வணிகர்கள் தம் வரவில் ஒரு சிறு பங்கை இறைவன் பெயரால் ஒதுக்கி வைத்தனர். மகமை எனப்பட்ட அப்பொருளால் கோயில் திருப்பணியும், யாத்திரிகர் விடுதியும், அன்னதானமும் தழைத்தன. அவ்வறத்தின் தேவை இன்று மருத்துவமனை வாயிலிலும் காத்து நிற்கிறது.

புராஸ்டேட் சுரப்பியில் தோன்றும் புற்றுநோய் பெரும்பாலும் முதிய ஆடவரையே தாக்குவது. சிறுநீர்த் தடையை மூப்பின் இயல்பென்று எண்ணி, நாணத்தால் மறைப்போர் பலர். அது சாதாரண வீக்கமாகவும் இருக்கலாம். எதுவென மருத்துவரே ஆய்ந்து சொல்ல வேண்டும். நோய் தொடக்கத்திலேயே தெரியவந்தால் குணமாகும் வாய்ப்பு மிகுதி.

கதிர்வீச்சு சிகிச்சையோ பெரும்பாலும் பல வாரங்கள் நீள்வது. காரைக்குடியிலிருந்து சென்னைக்குச் செல்லும் ஏழை முதியவருக்குத் தங்குமிடமும், உணவும், துணைக்கு வரும் மகன் இழக்கும் கூலியும் பெருஞ்சுமை. அச்சுமை தாளாமல் சிகிச்சையைப் பாதியில் விட்டால் அதுவரை பெற்ற பயனும் குன்றும். அந்த இடைவெளியை நிரப்புவதே கொடை.

புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அத்துயரை அறமாக்கி, நன்கொடை திரட்டி, 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். டாக்டர் சாந்தா தம் வாழ்நாளையே அதற்கு அளித்து வளர்த்தார். வறியோர் பலர் அங்கு நலம் பெற்றனர்.

மணிவிழாவும் சதாபிஷேகமும் காணும் இல்லங்கள், விழாச் செலவில் ஒரு பங்கை அதே அகவையுள்ள ஓர் ஏழை நோயாளியின் சிகிச்சைக்கென ஒதுக்கலாம். அதுவும் மகமையே, இறைவன் உவந்து ஏற்பான்.