தமக்கையின் ஏடு



மோட்சார்ட் என்னும் இசைமேதைக்கு இசையின்பால் முதன்முதல் ஆவலை ஊட்டியவர் யார் என்று வினவினால், தந்தை லியோபோல்டு என்றே பலரும் விடை கூறுவர். அது பாதி உண்மையே. மறுபாதி அவருடைய தமக்கைக்கு உரியது.

இன்று ஆஸ்திரியாவில் உள்ள சால்ஸ்பர்க் நகரில் வாழ்ந்த அக்குடும்பத்தில் பிறந்த குழந்தைகள் எழுவர், பிழைத்தவர் இருவரே. மூத்தவள் மரியா அன்னா, 1751இல் பிறந்தவள். நான்னெர்ல் என்பது செல்லப்பெயர். இளையவன் உல்ப்காங், 1756இல் பிறந்தவன். பியானோவுக்கு முன்னோடியான கிளேவியர் என்னும் கருவியைத் தந்தை மகளுக்குக் கற்பித்தார். அவளுக்கென 1759இல் ஓர் இசை ஏட்டையும் தொகுத்தார்.

அப்போது உல்ப்காங்கிற்கு மூன்று வயது. தமக்கை வாசிப்பதைக் கேட்டு ஈர்க்கப்பட்ட அவன், தானும் கருவியை அணுகி, ஸகரமும் ககரமும் போல் இயைந்து ஒலிக்கும் இரட்டைச் சுரங்களைத் தேடித் தேடி அழுத்தி மகிழ்ந்தானாம். பின்னாளில் தமக்கையே இதனை எழுதி வைத்துள்ளார். 1761 சனவரி 26ஆம் நாள் இரவு, ஐந்தாம் பிறந்தநாளுக்கு முந்திய இரவில், அவ்வேட்டிலிருந்த நடன இசை ஒன்றை அரை மணி நேரத்தில் கற்றான். அவன் முதன்முதலாக இயற்றிய சிறு இசைப் பகுதிகளைத் தந்தை எழுதி வைத்ததும் தமக்கையின் அதே ஏட்டில்தான்.

1763 முதல் 1766 வரை பாரிசு, இலண்டன் முதலிய நகரங்களில் சிறுவர் இருவரும் வாசித்துப் புகழ் பெற்றனர். ஆனால் 1769 டிசம்பரில் தந்தையும் மகனும் இத்தாலிக்குப் புறப்பட்டபோது, பதினெட்டு வயது மகள் தாயுடன் வீட்டிலேயே விடப்பட்டாள். வயது வந்த பெண் ஊர் ஊராகச் சென்று வாசிப்பதை அக்காலத்தார் ஏற்கவில்லை. அவர் இயற்றிய பாடல் ஒன்றைத் தம்பி 1770இல் மடல் வழியே வியந்து பாராட்டினார். எனினும் அவர் இயற்றியவற்றுள் ஒன்றேனும் இன்று நமக்குக் கிடைக்கவில்லை.

1784இல், ஐந்து பிள்ளைகளையுடைய, மனைவியரை இழந்த நடுவர் ஒருவருக்கு அவர் மனைவியானார். அங்கும் பியானோவைக் கைவிட்டாரல்லர். தம்பியும் தம் புதிய பியானோ படைப்புகளை அவருக்கு அனுப்பி வந்தார். 1801இல் கணவரை இழந்தபின் சால்ஸ்பர்க் திரும்பிப் பிறருக்குப் பியானோ கற்பித்தார். தம்பி மறைந்து முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 1829இல் காலமானார்.

பெற்றோரே, மூத்த பிள்ளை ஆர்மோனியத்திலோ கிதாரிலோ தட்டுத்தடுமாறிப் பழகும்போது, ‘இரைச்சல்’ என்று அதட்டுமுன் அருகில் அமர்ந்திருக்கும் இளையதைச் சற்று நோக்குங்கள். ஆசிரியர் தரும் பாடத்தைவிட, உடன்பிறந்தவர் விரல் எழுப்பும் ஒலி ஆழமாகப் பதியக்கூடும்.

இன்னொன்றும் கூறுவேன். மகனின் திறமைக்காகக் கடன்பட்டும் செலவிடுகிறோம். மகளின் திறமையைத் திருமணப் பேச்சோடு மூட்டை கட்டிவிடுகிறோம். விளக்கேற்றியவளை இருளில் நிறுத்துவது நீதியாகுமா? உங்கள் வீட்டு நான்னெர்லின் ஏடு மூடப்படாதிருக்கட்டும்.