ஸ்டார்ட் ஆகும், ஓடாது! பழைய காரில் கோளாறு எங்கே?

சாவியைத் திருப்பியதும் கார் உறுமுகிறது. குடும்பத்தார் ஏறி உட்காருகிறார்கள். தெருமுனை வருவதற்குள் என்ஜின் நின்று விடுகிறது!

பழைய பெட்ரோல் அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். அம்பாசடர் உற்பத்தி 2014-ம் ஆண்டு நின்று விட்டது. இருக்கிற கார்களைப் பேணித்தான் ஓட்ட வேண்டும்.

கார் நின்றதும் என்ன செய்கிறார்கள்? பிளக்கை மாற்றுகிறார்கள். காயிலை மாற்றுகிறார்கள். பணம் கரைகிறது. கோளாறு மட்டும் போவதில்லை!

இது தவறு. கார் எப்போது நிற்கிறது என்று முதலில் கவனிக்க வேண்டும். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

உடனே நின்றால்?

சாவியை விட்ட மறுகணமே நின்றால், மின்சாரப் பக்கம் பார்க்க வேண்டும். சில பழைய கார்களில், ஸ்டார்ட் செய்யும்போது காயிலுக்கு ஒரு வழியாக மின்சாரம் போகும். ஓடும்போது வேறு வழியாகப் போகும். இரண்டாவது வழி அறுந்திருந்தால் என்ஜின் கிளம்பும், நிலைக்காது.

சற்று ஓடி நின்றால்?

பெட்ரோல் பக்கம் பார்க்க வேண்டும். கார்புரேட்டரில் ஒரு சிறு கிண்ணம் உண்டு. அதில் தங்கிய பெட்ரோலில் என்ஜின் கொஞ்ச நேரம் ஓடும். அது தீர்வதற்குள் டேங்கிலிருந்து பெட்ரோல் வந்து சேர வேண்டும். வடிகட்டி அடைத்திருந்தாலும், பம்பின் உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்திருந்தாலும் வராது.

பல பழைய கார்களில் டேங்க் மூடியில் காற்று போக ஒரு துளை இருக்கும். அது அடைபட்டாலும் பெட்ரோல் வருவது தடைப்படும். கார் நின்றதும் மூடியைத் தளர்த்திப் பார்க்கலாம். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்து, பிறகு கார் ஓடினால், குற்றவாளி அந்த மூடிதான்! இது காசு செலவில்லாத சோதனை. ஆனால் அருகில் பீடி, சிகரெட், நெருப்பு கூடவே கூடாது.

எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கக்கூடும். அவற்றில் வெடிப்பு, கசிவு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கூலி எதற்கு?

குற்றம் மெக்கானிக் மீது மட்டும் இல்லை. கோளாறைக் கண்டுபிடித்ததற்குக் கூலி கேட்டால், "எதையும் மாற்றவில்லையே, எதற்குப் பணம்?" என்கிறார்கள் கார்க்காரர்கள். புதுச் சாமான் போட்டால் பேசாமல் கொடுக்கிறார்கள். பிறகு சாமான் மாற்றுவதே தொழிலாகி விடாதா?

துளையில் இருந்த அழுக்கை எடுத்துக் காரை ஓட வைத்தவருக்கும் முழுக் கூலி கொடுக்க வேண்டும். அவர்தான் குடும்பத்தின் பணத்தை மிச்சப்படுத்தியவர்!