சபூர் செய்யுங்கள், ஒரு மாதத்துக்குள் முறைப்பாட்டையும் எழுதுங்கள்

வேலைத்தளத்தில் நமது சகோதரியொருவரின் ஆடை பிரச்சினையாக்கப்பட்டால், நாம் முதலில் சொல்வது “சபூர் செய்யுங்கள், பெரிதாக்க வேண்டாம்” என்பதுதான். திம்புள்ள, தலவாக்கலை, ஹட்டன் என மலையக நகரங்களில் சிறு தொகையினராக வாழும் நம்மிடம் இந்தத் தயக்கம் இன்னும் அதிகம். ஆனால், அடிப்படை உரிமை மீறலுக்கு எதிராக உயர் நீதிமன்றத்தை நாட அரசியலமைப்பின் 126ஆவது உறுப்புரை தரும் அவகாசம் ஒரு மாதம் மட்டுமே.

திருகோணமலை ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரி விவகாரம் நினைவிருக்கும். 2018 ஏப்ரலில் அபாயா அணிந்து சென்ற முஸ்லிம் ஆசிரியைகளுக்கு எதிராக ஆர்ப்பாட்டம் நடந்தது. அவர்கள் தற்காலிகமாக வேறு பாடசாலைக்கு மாற்றப்பட்டனர். அவர்கள் வீட்டில் முடங்கவில்லை. மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டார்கள். 2019இல் ஆணைக்குழுவின் பரிந்துரை அவர்களுக்குச் சாதகமாக வந்தது. அது நடைமுறைக்கு வராதபோது ஓர் ஆசிரியை மேன்முறையீட்டு நீதிமன்றம் சென்றார். 2022 பெப்ரவரியில் அவர் கடமையேற்கச் சென்றபோதும் மீண்டும் பதற்றம் ஏற்பட்டது. பாதை நீண்டதுதான். ஆனால் ஆரம்பத்தில் எழுத்தில் முறைப்பாடு இல்லாதிருந்தால், அந்தப் பாதையே இருந்திருக்காது.

அரச ஊழியர் ஒருவர் முதலில் செய்ய வேண்டியவை இவை. யார், எந்தத் திகதியில், யார் முன்னிலையில், என்ன சொன்னார் என்பதை அன்றிரவே எழுதி வையுங்கள். வாய்மொழி உத்தரவை எழுத்தில் தருமாறு கேளுங்கள். அதிபருக்கோ திணைக்களத் தலைவருக்கோ அனுப்பும் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியையும் பற்றுச்சீட்டையும் பாதுகாத்துக்கொள்ளுங்கள். “விருப்பத்தின் பேரில் இடமாற்றம் கோருகிறேன்” என்ற கடிதத்தில் ஒருபோதும் கையொப்பமிடாதீர்கள்.

அடுத்து, ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிடுங்கள். 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி, அங்கு விசாரணை நிலுவையிலுள்ள காலம் அந்த ஒரு மாதத்தில் சேர்க்கப்படாது. ஆயினும் முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தால் போதாது. விசாரணை உண்மையில் நடக்கிறது என்பதைக் காட்ட வேண்டும் என நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே சட்டத்தரணியையும் அதே மாதத்தில் சந்தியுங்கள். வசதியற்றோருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு உண்டு.

கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்யும் நமது பிள்ளைகளின் நிலை வேறு. சமயத்தின் பெயரால் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் 12(2)ஆவது உறுப்புரையை வைத்து அரச நிர்வாகச் செயலுக்கு எதிராகத்தான் வழக்காட முடியும். தனியார் முதலாளி அதற்குள் வருவதில்லை. வேலையிலிருந்து நீக்கப்பட்டால் ஆறு மாதங்களுக்குள் தொழில் நியாய சபைக்குச் செல்லலாம். கோபத்தில் இராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டால் அந்த வழியும் கடினமாகிவிடும். இந்தச் சட்ட இடைவெளியை நிரப்புமாறு நமது மக்கள் பிரதிநிதிகளிடம் நாம் இதுவரை உரத்துக் கேட்கவில்லை.

அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைக்கச் சொல்கிறது. பணத்துக்கே அப்படியென்றால் மானத்துக்கு? ஒவ்வொரு பள்ளிவாசல் நிர்வாகமும் முறைப்பாடு எழுத உதவக்கூடிய ஒருவரையாவது நியமிக்கட்டும். பாதிக்கப்பட்ட சகோதரி தனியாக அந்தக் கடிதத்தை எழுதும் நிலை இருக்கக் கூடாது.