கணையத்தில் நீர்க்கட்டி... பயப்படணுமா, விட்டுடலாமா?

வேறு எதற்கோ எடுத்த வயிற்று ஸ்கேனில் 'கணையத்தில் நீர்க்கட்டி' என்று ஒரு வரி வந்தால், வீட்டில் இரண்டு பேச்சுதான் கிளம்பும். ஒன்று, 'கேன்சரா இருக்குமோ?' இன்னொன்று, 'வெறும் நீர்க்கட்டிதானே, விடு.' இரண்டுமே அவசர முடிவுகள்.

எல்லா நீர்க்கட்டியும் ஒன்றா?

இல்லை. கணைய அழற்சிக்குப் பிறகு திரவம் தேங்கி உருவாவது போலி நீர்க்கட்டி. மதுவும் பித்தப்பைக் கல்லும் அந்த அழற்சிக்கு முக்கியக் காரணங்கள். போலி நீர்க்கட்டி புற்றுநோயாக மாறாது; பல தானாகவே வற்றிவிடும்.

நிஜக் கட்டிகள் வேறு ரகம். நீர்த்த திரவம் கொண்ட சீரஸ் வகை புற்றுநோயாவது மிக மிக அபூர்வம். கோழை போன்ற திரவம் கொண்ட மியூசினஸ் வகை அப்படியல்ல. பெரும்பாலும் நடுத்தர வயதுப் பெண்களுக்கு, கணையத்தின் வால் பக்கம் வரும். கவனிக்காமல் விட்டால் புற்றுநோயாகலாம். இளம்பெண்களுக்கு வரும் இன்னொரு வகையை 1959-ல் அமெரிக்க மருத்துவர் வர்ஜீனியா ஃபிரான்ட்ஸ் விவரித்தார். இதை முழுசா அகற்றிவிட்டால் பெரும்பாலானோர் குணமாகிவிடுகிறார்கள்.

எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?

சாதாரண அல்ட்ராசவுண்டில் கட்டி இருப்பது தெரியலாம். என்ன ரகம் என்பது பெரும்பாலும் தெரியாது. சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன்களில் கட்டிக்குள் தடுப்புச் சுவர், திடமான பகுதி, கணையக் குழாயோடு தொடர்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சந்தேகம் தீராவிட்டால் எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்ட். வாய் வழியாகக் குழாய் செலுத்தி, இரைப்பையிலிருந்தே கணையத்தைப் பார்த்து, ஊசியால் திரவம் எடுப்பார்கள். அதில் சி.இ.ஏ. அளவு 192 நானோகிராமுக்கு மேல் இருந்தால் மியூசினஸ் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால், அது புற்றுநோயா இல்லையா என்பதை அந்த எண் மட்டும் சொல்லாது.

சிக்கல் எங்கே?

நிஜக் கட்டியைப் போலி என்று நினைத்துத் திரவத்தை மட்டும் வடித்துவிட்டால், கட்டி உள்ளேயே இருக்கும். இதைத் தவிர்க்க முதல் கேள்வி ரொம்ப எளிமையானது: 'இதுக்கு முன்னாடி கணைய அழற்சி வந்திருக்கா?' வரவே இல்லை என்றால், 'போலி நீர்க்கட்டி' என்ற முடிவை மறுபடி யோசித்தே ஆக வேண்டும். இந்தத் தகவலை ஸ்கேன் சீட்டில் ஒரு வரியாக எழுத எந்தச் செலவும் இல்லை. எழுதுவதைக் கட்டாயமாக்க வேண்டும்.

திண்டுக்கல்லுக்கு 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. சுமார் 65 கி.மீ. தூரத்தில் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது. நத்தத்திலிருந்தோ வேடசந்தூரிலிருந்தோ வரும் நோயாளி, எங்கே போவது என்று தானே விசாரித்து அலையக் கூடாது. யாரிடம், எந்தத் துறைக்கு, எந்த நாளில் என்று எழுதிக் கொடுத்து அனுப்புவது மருத்துவமனையின் பொறுப்பு.

நம்ம பங்குக்கு, பழைய ஸ்கேன் படங்களையும் சிடியையும் தூக்கிப் போடாதீங்க. கட்டி வளர்ந்திருக்கா என்று ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் உதவும்.