வீட்டுக்கு வருவது நர்ஸா... உதவியாளரா?

பக்கவாத நோயாளி டிஸ்சார்ஜ் ஆகும் நாளில், ‘வீட்டுல ஒரு நர்ஸ் வெச்சுக்கலாம்’ என்று முடிவெடுக்கின்றன பல குடும்பங்கள். ஆனால், ஏஜென்சி அனுப்பும் எல்லோரும் நர்ஸ் அல்ல.

குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, சாப்பாடு ஊட்டுவது உதவியாளரின் வேலை. ஊசி போடுவது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது, புண்ணுக்குக் கட்டுப் போடுவதெல்லாம் நர்ஸின் வேலை. செயலிழந்த கை, காலைப் பழக்குவது பிசியோதெரபிஸ்ட். உதவியாளர் மட்டும் போதும் என்று இவரை விட்டுவிட்டால் மூட்டுகள் இறுகிவிடும். முதல் 3 மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அதைத் தவறவிடக் கூடாது.

முன்பணம் கட்டும் முன் கேளுங்கள்: நர்ஸ் என்றால், நர்சிங் கவுன்சில் பதிவு எண் என்ன? ஷிஃப்ட் 12 மணி நேரமா, 24 மணி நேரமா? லீவு போட்டால் மாற்று ஆள் உண்டா? படுக்கைப்புண் வராமல் இருக்க, 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கத் தெரியுமா?

செலவு கட்டுப்படியாகாதவர்களுக்கு, தமிழக அரசு 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இருக்கிறது. பிசியோதெரபியும் வலி நிவாரண ஆதரவு சிகிச்சையும் வீட்டுக்கே இலவசமாக வரும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம்.

‘வீட்டுல யார் யார் தேவை, எத்தனை நாளைக்கு?’ என்று டிஸ்சார்ஜுக்கு முன்பே டாக்டரிடம் எழுதி வாங்கிவிடுங்கள். பணமும் மிச்சம், நோயாளிக்கும் நல்லது.