கடற்படையில் நிறபேதம்

இரண்டாவது உலக மகாயுத்தத்தின் சரித்திரத்தைப் படிப்போர் பெரிய யுத்தக் கப்பல்களையும் அவற்றின் தளபதிகளையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்கின்றனர். காவல் விமானந்தாங்கிக் கப்பல்களில் உழைத்தவர்களை நினைப்பவர் சிலரே. அவசரத்திற்கென்று கட்டப்பட்ட சிறு கப்பல்கள் அவை. அமெரிக்காவில் கைஸர் என்னும் முதலாளியின் கப்பல் துறையில் ஒரே மாதிரியில் 50 கப்பல்கள், 1943 ஜூலை முதல் ஒரு வருஷத்திற்குள் கடற்படையிடம் ஒப்படைக்கப்பட்டன. நீளம் 512 அடி; ஜனங்கள் சுமார் 900 பேர். பெட்ரோலுக்கும் வெடிகுண்டுக்கும் நடுவிலேயே அவர்கள் உண்டு உறங்கினர். கப்பலின் வகையைக் குறிக்கும் 'சி. வி. இ.' என்னும் மூன்றெழுத்துக்கு, 'எரியும், அடிபடும், போனால் போகட்டும்' என்று மாலுமிகளே வேடிக்கையாய்ப் பொருள் சொல்லி வந்தார்களாம்!

1943 நவம்பர் 24-ந் தேதி விடியற்காலையில், கில்பர்ட் தீவுகளில் மாகின் அருகே, 'லிஸ்கம் பே' என்னும் இத்தகைய கப்பலை ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலின் டார்பிடோ தாக்கிற்று. குண்டுக் கிடங்கு வெடித்தது. 23 நிமிஷத்தில் கப்பல் மூழ்கியது; 644 பேர் மாண்டனர். ரியர் அட்மிரல் முல்லினிக்ஸும் காப்டன் வில்ட்ஸியும் அவர்களுள் அடக்கம். டாரிஸ் மில்லர் என்ற கறுப்பர் இனத்துச் சமையற்காரரும் அடக்கம்.

இந்த மில்லர் யார்? 1941 டிசம்பர் 7-ந் தேதி பேர்ல் துறைமுகத்தில் காயம்பட்டவர்களைத் தூக்கிச் சென்றதோடு, தமக்கு ஒருநாளும் பயிற்சி அளிக்கப்படாத இயந்திரத் துப்பாக்கியைப் பிடித்து எதிரி விமானங்களைச் சுட்டவர். 1942 மே மாதம் அட்மிரல் நிமிட்ஸ் அவர் மார்பில் கடற்படைச் சிலுவையைக் குத்தினார். 1943-ல் சர்க்கார் அவர் முகத்தைச் சுவரொட்டியில் அச்சிட்டு ஆள் திரட்டிற்று. எனினும் அவருக்குக் கிடைத்த வேலை மட்டும் பரிசாரக வேலையே. பிற வேலைகளிலும் கறுப்பரைச் சேர்ப்பதாக 1942-ல் அறிவித்தார்கள். கடலோடும் கப்பல்களில் பெரும்பாலும் பழைய கதைதான்.

கப்பலில் நெருங்கி வசிக்கவேண்டியிருப்பதால், இரு நிறத்தாரையும் கலந்து வைத்தால் ஒழுங்கு கெடும் என்பது அதிகாரிகள் கூறிவந்த சமாதானம். எந்த நியாயஸ்தலத்திலும் இவ்வாதம் ஒரு நிமிஷம்கூட நில்லாது. உத்தியோகஸ்தரின் உணவைச் சமைப்பதும், படுக்கையை விரிப்பதும், பாதரட்சையைத் துடைப்பதும் கறுப்பருக்கு விதிக்கப்பட்ட கடமைகள். இதைவிட நெருக்கம் வேறென்ன வேண்டும்? நெருக்கத்தை அவர்கள் ஆட்சேபிக்கவில்லை, சமத்துவத்தையே ஆட்சேபித்தார்கள். யுத்த காலத்தில் சீர்திருத்தம் பேசலாகாது என்போரும் உண்டு. உயிரைக் கேட்பதற்கு உகந்த காலம், உரிமையைக் கொடுப்பதற்கு மட்டும் உகந்ததல்லாமற் போவது எவ்வாறு என்று நமக்கு விளங்கவில்லை. படைகளில் நிறபேதம் கூடாதென்று பிரஸிடெண்ட் ட்ரூமன் உத்தரவிட்டது 1948 ஜூலையில். மில்லர் மறைந்து அப்போது நான்கரை வருஷங்களுக்கு மேலாகிவிட்டன.

2020-ல் பிரம்மாண்டமான விமானந்தாங்கிக் கப்பலொன்றுக்கு அவர் பெயரைச் சூட்டுவதாக அமெரிக்கக் கடற்படை அறிவித்தது. அதை நாம் குறை கூறவில்லை, வரவேற்கிறோம். ஆனால் 1942-ல் சிலுவையைக் குத்திய அன்றே அவரைச் சமையற்கட்டிலிருந்து பீரங்கிப் பிரிவுக்கு மாற்றியிருக்கலாம். அதற்குக் கப்பல் கட்டவேண்டிய அவசியமே இருந்திராது. ஓர் உத்தியோகஸ்தரின் கையெழுத்தே போதுமானதாயிருந்திருக்கும்.