அனகாபுத்தூர்த் தறிகளும் ‘காலத்துக்கேற்ப மாறவில்லை’ என்ற பழியும்

அனகாபுத்தூர், பல்லாவரத்திலிருந்து குன்றத்தூர் போகும் சாலையில் பம்மலை அடுத்து, அடையாற்றங்கரையில் உள்ள நெசவாளர் ஊர். 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது அதில் இணைக்கப்பட்ட ஐந்து நகராட்சிகளில் இதுவும் ஒன்று. சென்னையின் தென்புறநகர் முழுக்க அடுக்குமாடிகளாக மாறிவிட்ட பிறகும் இங்கே தறிச் சத்தம் அடியோடு ஓய்ந்துவிடவில்லை. ஆனாலும் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்த தறிகளில் இன்று எஞ்சியிருப்பவை சொற்பம்.

இது ஏன் நேர்ந்தது என்று கேட்டால் கிடைக்கும் பதில் எங்கும் ஒன்றுதான்: காலத்துக்கேற்ப மாறத் தெரியாதவர்கள், அதனால் போய்விட்டார்கள். தெருமுனை மளிகைக் கடைக்கும், தையல் கடைக்கும், சிறு அச்சகத்துக்கும் இதே தீர்ப்புதான் எழுதப்படுகிறது. அதன் வாலாக இன்னொன்றும் வருகிறது. இப்படிப்பட்டவர்களிடம் வாங்குவது தர்மம் செய்வதைப் போன்றது, தர்மத்தை நம்பி ஒரு தொழில் எத்தனை நாள் ஓடும் என்பார்கள். படித்தவர்களும் அதிகாரிகளும் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளும்கூட இதை நம்புகிறார்கள். அனகாபுத்தூரின் கதையை வரிசையாகப் பார்த்தால் இந்த நம்பிக்கையின் இரண்டு பாதிகளும் நிற்காது.

முதலில் மாற்றம். இருபதாம் நூற்றாண்டில் இந்த ஊர் நெய்தது உள்ளூர்ச் சந்தைக்கு மட்டும் போன துணியை அல்ல. ‘ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்’ என்ற பெயரில் கப்பலேறிய கட்டம் போட்ட பருத்தித் துணி இங்கிருந்தும் நைஜீரியாவுக்குப் போனது. நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் கலாபாரி மக்கள் அதை ‘இன்ஜிரி’ என்பார்கள். பிறந்த குழந்தைக்கும் அது வேண்டும், இறந்தவரைக் கிடத்தும் கட்டிலை அலங்கரிக்கவும் வேண்டும். அந்தத் துணியில் குறிப்பிட்ட இழைகளை மட்டும் பிளேடால் அறுத்து உருவி, கட்டங்களுக்குள் புதிய கோலம் வரவைப்பது அவர்கள் பெண்களின் தனிக் கலை. எந்த நிறக் கட்டம் அங்கே விலைபோகும், எது திரும்பி வரும் என்பதற்கு ஏற்ப இங்கே பாவின் நெடுக்கு இழைகளில் நிற வரிசை மாறியது. கடல் கடந்து இருக்கும் வாடிக்கையாளரின் சடங்குக்கும் ரசனைக்கும் பொருந்த நெய்தவர்களை மாறத் தெரியாதவர்கள் என்பது அநியாயம்.

1970-களின் பிற்பகுதியில் நைஜீரிய அரசு தன் நாட்டு ஆலைகளைக் காக்க இறக்குமதித் துணிக்குக் கதவை அடைத்தது. அந்த ஏற்றுமதி சரிந்தது. ஊருக்கு விழுந்த பெரிய அடி இதுதான், அடித்தது வேறொரு நாட்டின் வணிகக் கொள்கை. நெசவாளரின் சோம்பலுக்கோ பழமைப் பிடிப்புக்கோ இதில் வேலையே இல்லை. நைஜீரியா செய்தது தவறு என்றும் சொல்வதற்கில்லை. தன் ஊர்த் தொழிலைக் காக்க ஓர் அரசு முடிவெடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது ஒரு சான்று, அவ்வளவே.

அதன் பிறகு நடந்தது இன்னும் முக்கியம். எஞ்சியவர்களில் ஒரு பகுதியினர் சணல், வாழை, கற்றாழை, அன்னாசி, மூங்கில் என்று தாவர நார்களை நெசவுக்குள் கொண்டுவந்தார்கள். சி. சேகர் தலைமையில் இயங்கும் அனகாபுத்தூர் சணல் நெசவாளர் சங்கம் 25 வகை இயற்கை நார்களைக் கொண்டு ஒரே சேலையை நெய்து, லிம்கா சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்றது. சாதனை ஒருபுறம் இருக்கட்டும், அந்த வேலையின் நுட்பம்தான் இங்கே பேச வேண்டியது.

குலை வெட்டிய பிறகு வாழைமரம் தோட்டத்தில் கழிவு. அதன் மட்டையை உரித்துச் சதையைச் சீவி எடுத்தால் பளபளக்கும் நார் கிடைக்கும். பஞ்சைப் போல அதை முடிவில்லாமல் நூற்க வராது. மட்டையின் நீளம் எவ்வளவோ அவ்வளவுதான் நாரின் நீளம். ஆகவே நாரை மெல்லியதாகப் பிரித்து, ஒன்றின் நுனியோடு இன்னொன்றை முடிச்சுப் போட்டு, மிச்சத்தை நறுக்கி, சுற்றிச் சேர்க்க வேண்டும். முடிச்சு தடித்தால் சேலையில் தெரியும், தளர்ந்தால் நாடா ஓடும்போது அறும். நாள் முழுவதும் இதையே செய்யும் பெண்களின் விரல்களில்தான் சேலையின் தரம் இருக்கிறது. இப்படிச் சேர்த்த நாரும் பாவின் இழுவிசையைத் தாங்காது. அதனால் பாவுக்குப் பருத்தி, குறுக்கே ஓடும் ஊடைக்கு வாழைநார் என்று கலந்து நெய்கிறார்கள். ஊடையில் வரும் நாருக்கு ஏற்ப மிதிக்கும் வேகமும் அடிக்கும் அழுத்தமும் மாற வேண்டும். இவை ஒரு நாளில் வந்த திறமைகள் அல்ல. ஒரு பெரிய நிறுவனத்தில் நடந்திருந்தால் இதற்கு ஆராய்ச்சி என்று பெயர் வைத்து நிதி ஒதுக்கியிருப்பார்கள்.

மாறியவர்களும் ஏன் தேய்ந்தார்கள் என்பதே சரியான கேள்வி. விடை தறிக்கு வெளியே இருக்கிறது.

கைத்தறிக்கு நூல் சிட்டமாக, அதாவது வளையமாகச் சுற்றிய கட்டாக வேண்டும், விசைத்தறிக்குக் கூம்பில் சுற்றிய கோனாக வேண்டும். ஆலைகள் உள்நாட்டுக்கு விற்கும் நூலில் ஒரு பங்கைச் சிட்டமாகவே தர வேண்டும் என்று அரசு விதி வைத்தது. அந்தப் பங்கு 50 சதவீதமாக இருந்தது, 2003-ல் 40 ஆனது, 2019-ல் 30 ஆனது. கைத்தறிக்கென்று ஒதுக்கிய துணி வகைகளின் கதையும் இதேதான். 1985-ல் நாடாளுமன்றம் இயற்றிய கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின்படி 22 வகைகள் கைத்தறிக்கே உரியவையாக இருந்தன. அந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 1993-ல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. நீதிமன்றத்தில் வென்ற சட்டம் 1996-ல் அரசு ஆணையால் பாதியாகச் சுருங்கியது, 22 வகை 11 ஆனது. அந்த 11-ல் சேலையும் வேட்டியும் லுங்கியும் இன்றும் இருக்கின்றன. ஆனாலும் விசைத்தறியில் ஓடிய சேலை கைத்தறி என்ற பெயரில் கடைகளில் விற்பது ஜவுளித் தெருவில் யாருக்கும் ரகசியம் இல்லை. சட்டப் புத்தகத்தில் வேலி இருக்கிறது, காவல் இல்லை. அசலுக்கு அடையாளம் வேண்டும் என்று 2006-ல் கைத்தறி முத்திரை வந்தது, 2015 ஆகஸ்ட் 7 அன்று சென்னையில்தான் ‘இந்தியா ஹேண்ட்லூம்’ முத்திரையையும் பிரதமர் தொடங்கிவைத்தார். போலியை விற்பவரைப் பிடிக்காமல் அசலின் மேல் மட்டும் முத்திரை குத்திக்கொண்டே போவதில் நெசவாளருக்கு என்ன லாபம்?

இதன் விளைவைக் கணக்கெடுப்பே காட்டுகிறது. 2009-10 கைத்தறிக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 43.31 லட்சம் பேர் இந்தத் தொழிலில் இருந்தார்கள். 2019-20-ல் 35.22 லட்சம் பேர். அப்போது நெசவுக் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்கு மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் குறைவாக இருந்தது. இந்தக் கூலியைப் பார்த்த பிள்ளை தறியில் உட்காரவில்லை என்றால் அவனைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

அடுத்தது விலை. பெரிய கடையிலும் இணையத்திலும் மலிவு, உள்ளூரில் அதிகம், வாங்குபவர் எதற்காக நட்டப்பட வேண்டும் என்பது பலமான வாதமாகத் தோன்றும். குறைந்த வருமானத்தில் குடும்பம் நடத்துபவருக்கு அது நியாயமான வாதமும்கூட. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுபவரிடம் போய் உள்ளூர்ப் பற்றைப் போதிப்பது கொடுமை. ஆனால் மலிவு எல்லாம் திறமையிலிருந்து வருவதில்லை. முதலீட்டாளரின் பணத்தைக் கரைத்து, நட்டத்துக்கு விற்று, போட்டியாளர் கடையை மூடும்வரை காத்திருப்பதும் ஒரு விற்பனை உத்திதான். பெருந்தள்ளுபடி, விருப்பமான விற்பனையாளருக்கு முன்னுரிமை ஆகிய புகார்களின் பேரில் நாட்டின் இரு பெரும் இணைய வணிக நிறுவனங்கள் மீது இந்தியப் போட்டி ஆணையம் 2020 ஜனவரியில் விசாரணைக்கு உத்தரவிட்டது. அப்படியொரு களத்தில் தோற்றவரைத் திறமையில்லாதவர் என்று முத்திரை குத்துவது, ஓட்டப் பந்தயத்தில் காலைத் தட்டி விழவைத்துவிட்டு உடற்பயிற்சி போதாது என்று சொல்வதற்குச் சமம்.

மலிவாக வாங்கியதில் மிஞ்சிய காசு மட்டும் கண்ணில் படுகிறது, ஊரை விட்டுப் போன காசு படுவதில்லை. சிகாகோ நகரின் ஆண்டர்சன்வில் பகுதியில் 2004-ல் இதை அளந்து பார்த்தார்கள். உள்ளூர்க்காரர் நடத்தும் கடையில் செலவான 100 டாலரில் 68 டாலர் நகரத்துக்குள் தங்கியது, சங்கிலிக் கடையில் 43 டாலர். அமெரிக்க நகரத்தின் எண்ணை அப்படியே தாம்பரத்துக்குப் பொருத்த முடியாது. ஆனால் காசு நடக்கும் வழி இங்கும் அதேதான். நெசவாளரின் கூலி அதே தெரு மளிகைக்கும், டியூஷன் வாத்தியாருக்கும், ஆட்டோ ஓட்டுநருக்கும் போகிறது. வேறொரு மாநிலத்தில் தலைமையகம் வைத்திருக்கும் நிறுவனத்தின் லாபத்துக்கு அனகாபுத்தூரில் செலவழிய ஒரு காரணமும் இல்லை.

2020 மார்ச் ஊரடங்கின் முதல் வாரங்களில் இணையத்தில் கொடுத்த மளிகை ஆர்டர்கள் தேங்கி நின்றன. புறநகர்த் தெருக்களுக்கு அரிசியும் பருப்பும் கொடுத்தவை முனைக்கடைகள். பல கடைகளில் கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டு கொடுத்தார்கள். வேலை போன மாதத்தில் அந்த நோட்டுதான் பல வீடுகளுக்குக் கடன் வசதி. விலைப்பட்டியலில் இந்தச் சேவைக்குத் தனி இடம் கிடையாது. அதனாலேயே ஒப்பிடுபவர்கள் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

உள்ளூர் என்பதாலேயே எல்லாம் புனிதமாகிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். நூலும் முன்பணமும் கொடுத்து வேலை வாங்கும் மாஸ்டர் வீவர் கூலியை அமுக்குவதுண்டு. சிறு கடைகளில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் பெண்களுக்கு உட்கார ஸ்டூல் இல்லாத நிலையும் இருந்தது, 2021-ல் தமிழ்நாடு சட்டம் போட்டுத்தான் இருக்கையை உறுதி செய்தது. உரிமையாளர் பக்கத்துத் தெருக்காரர் என்றால் அவரிடம் கேட்க முடியும், பலர் முன்னால் நிறுத்திப் பேச முடியும். அனுகூலம் அவ்வளவுதான், அதைப் பயன்படுத்துவது ஊரின் பொறுப்பு.

உணர்ச்சி வேகத்தில் வரும் ஆதரவும் தொழிலைக் காப்பாற்றாது. ஜல்லிக்கட்டுப் போராட்டத்தைத் தொடர்ந்து 2017 மார்ச் 1 முதல் அந்நியக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் அறிவித்தன. 1916-ல் தொடங்கிய காளிமார்க்கின் பவண்டோ பல கடைகளில் முன்வரிசைக்கு வந்தது. சில மாதங்களில் பழைய குளிர்பானங்கள் குளிர்பெட்டிக்குத் திரும்பின. குளிர்பெட்டியே பெரிய நிறுவனம் கொடுத்தது என்னும்போது வேறென்ன நடக்கும்? வாங்குபவரின் மனநிலையை விட அலமாரியும் கடனும் சரக்கு வரும் வழியும் யார் கையில் இருக்கின்றன என்பதே விற்பனையை முடிவு செய்கிறது. தஞ்சாவூரில் பிறந்து, 1934-ல் தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தைக் கட்டி வளர்த்த ஜே.சி. குமரப்பா, ஒரு பொருள் எப்படி உருவானது என்பதில் வாங்குபவருக்கும் பொறுப்பு உண்டு என்று வாதிட்டார். அந்தப் பொறுப்பில் பெரும்பங்கு மொத்தமாக வாங்குபவரைச் சேரும், அதாவது அரசையும் உள்ளாட்சியையும் நிறுவனங்களையும்.

அதற்கான விதிகள் புதிதாக எழுதப்பட வேண்டியவையும் அல்ல. மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு தொழில்களிடமிருந்து வாங்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தராதவர் அந்தத் தொகையை அந்த ஆண்டு வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்ற விதியும் 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. சிறு தொழில்களைத் திணறடிப்பதில் போட்டிக்கு நிகரானது பாக்கி. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்துக்குப் பை வேண்டும். சணலும் துணியும் தைக்கத் தெரிந்தவர்கள் தாம்பரம் மாநகராட்சி எல்லைக்குள்ளேயே இருக்கிறார்கள். மாநகராட்சிக் கூட்டங்களின் பொன்னாடை முதல் பரிசுப் பைவரை உள்ளூர்த் தறியில் வாங்க ஒரு தீர்மானம் போதும்.

தனியாக வாங்குபவருக்கும் ஒரு முறை இருக்கிறது. தறிக்கு ஒரு பாவு ஏற்றினால் அதிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட சேலைகள் இறங்கும். ஒரே ஒரு சேலைக்காக நிறம் மாற்றிப் பாவு போடச் சொன்னால் நெசவாளருக்குக் கட்டுப்படியாகாது. நான்கைந்து வீடுகள் சேர்ந்து பாவின் நிறத்தை ஒத்துக்கொண்டு, ஊடையை மட்டும் ஆளுக்கொரு விதமாகக் கேட்டு, நூல் வாங்க முன்பணமும் கொடுத்தால் தறி நிற்காமல் ஓடும். கல்யாணத்துக்கு வேண்டுமென்றால் முகூர்த்தத்துக்குச் சில மாதங்களுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வாழைநாரை முடிச்சுப் போட்டுச் சேர்க்கவே பல நாள் பிடிக்கும்.